கம்புக்காரனின் வாய்

தஸ்நேவிஸைச் சாகடித்தது நான்தான். கயிறு வழுக்கிவிட்டது என்று தூத்துக்குடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வழுக்கவில்லை. விட்டேன்.

பதற வேண்டாம். ஆள் இருக்கிறான். இந்நேரம் திரேஸ்புரத்தில் தன் வீட்டில் உட்கார்ந்து சாளைமீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டிருப்பான். செத்தது விளையாட்டில். ஆனால் அந்த விளையாட்டில் செத்தால் ஒரு மனிதனுக்கு என்ன போகும் என்று தெரிந்தால், நீங்களும் என் முகத்தில் விழிக்கமாட்டீர்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் துறைமுகத்தில் இருபத்தாறு வருட வேலை. அவன் கப்பல் மேல்தளத்தில் வின்ச் ஓட்டுகிறவன். நான் சிக்னல் காட்டுகிறவன். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று வின்ச்சில் இருப்பவனுக்குத் தெரியாது. விளிம்பில் நிற்கிற என் கையைப் பார்த்துத்தான் தூக்குவான், இறக்குவான். கீழே பத்துப் பேர் நிற்பார்கள். என் கை தப்பினால் பத்துத் தலை போகும். ஒருநாளும் தப்பியதில்லை. அவன் வாயைத் திறக்காமல் வேலை பார்ப்பான். பேச்செல்லாம் நான். சாப்பாட்டு மணி அடித்தால் என்னைச் சுற்றித்தான் கூட்டம் உட்காரும்.

ஓய்வு பெற்ற நாலாம் வருடம் தஸ்நேவிஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கியது. "சரி." அவன் பெண்டாட்டி பிரகாசி, "வலிக்குதா?" என்றால் "சரி." "பசிக்குதா?" என்றால் "சரி." ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நான் கடல்ல விழுந்து செத்துருட்டா?" என்று கேட்டாள். அதற்கும் "சரி" என்றான். சொல்லிவிட்டு அவனே அழுதான்.

அப்போதுதான் ஏதோ டிரஸ்ட்காரர்கள் பக்கவாதக்காரர்களுக்கு என்று பீச் ரோட்டில் கூடம் திறந்தார்கள். அங்கே செண்பகவல்லி என்று கோவில்பட்டிப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், கம்பெனி ஒன்று செய்து கொடுத்த தொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே முழுக்கக் கம்பி.

"வார்த்தை எல்லாம் மண்டைக்குள்ளதான் இருக்கு ஐயா. வாய்க்கு வர வழிதான் அடைச்சுட்டு. இந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு அவுக ஒரு விளையாட்டுக்குள்ள போவாக. அங்க அவுகளுக்குன்னு ஒரு ஆள் இருப்பான். இவுக நெனைக்கிறதை அவன் பேசுவான்."

"அவனுக்கு எப்படித் தெரியும், இவன் என்ன நெனைக்கான்னு?"

"மெசின் கொஞ்சம் கொஞ்சமா இவுக மண்டையைப் படிச்சுப் பழகிக்கும். ரெண்டு மூணு வருசம் ஆகும். பழகினது அத்தனையும் அந்த ஆள்கிட்டத்தான் இருக்கும்."

"பூனை படம், நாய் படம் காட்டிப் பழக்கினா ஆகாதா? எதுக்கு வாளும் பூதமும்?"

"பூனையைப் பாத்தா யாருக்குப் பேசத் தோணும்? பின்னால பூதம் வந்தாத்தான் மண்டை 'ஏய்'னு கத்தும். அதனாலதான் ஒரே ஒரு உயிர். அந்த ஆள் செத்தா எல்லாம் போச்சு. பழையபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"எங்கயாவது ஒரு நகல் வச்சிருப்பானுவ."

"கிடையாது ஐயா."

கம்பெனிக்காரன் சொல்வதை நான் எப்போது நம்பியிருக்கிறேன்? பெட்டிமேல் 'கண்ணாடி, ஜாக்கிரதை' என்று எழுதிவைத்து உள்ளே செங்கல் அனுப்புகிறவனை எல்லாம் பார்த்த கண் இது. தலையை மட்டும் ஆட்டினேன்.

தனியாக விட்டால் யாரிடம் பேசுவான்? ஜோடிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றாள். பிரகாசிக்குத் தொப்பியைப் போட்டதும் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. அதனால் நான்.

விளையாட்டின் கதை இதுதான். உப்பரக்கன் என்று ஒருவன் ஏழு தீவு சனங்களின் நாக்கையும் உப்பாக்கி எடுத்துக்கொண்டு போய்த் தன் கோட்டையில் பூட்டிவைத்திருக்கிறான். அதை மீட்கப் போகவேண்டும். தஸ்நேவிஸ் இடது கையால் தட்டித் தட்டி, ஒரு கால் நண்டுக்கால் மாதிரி இருக்கிற ஆளைப் பிடித்தான். நண்டுக்காலன். நான் தலைப்பாகையும் கையில் சிலம்பக் கம்பும் வைத்த ஆளை எடுத்தேன். கம்புக்காரன்.

ஆறு மாதம் நண்டுக்காலன் மரம் மாதிரி நின்றான். நான்தான் பேசிக்கொண்டே நடந்தேன். ஏழாம் மாதம் ஒரு காலை, ஆற்றங்கரையில் நான் எதையோ வைதுகொண்டு நிற்கும்போது, கூடத்து ஒலிபெருக்கியில் ஒரு கரகரத்த குரல்.

"வே."

திரும்பினேன்.

"பின்னால."

முதலை. கம்பால் அதன் வாயை முட்டுக்கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன். நாற்காலியில் தஸ்நேவிஸுக்கு வேர்த்து ஒழுகியது. பிரகாசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை யாருக்கும் நான் காட்டவில்லை.

இரண்டரை வருடத்தில் அவன் முழு வாக்கியம் பேசினான். சோப்பு டப்பா அளவு ஒரு பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டு, நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். விளையாட்டில் நண்டுக்காலன் கற்றதை எல்லாம் பெட்டி வீட்டிலும் பேசும். "பிரகாசி, குழம்புல புளி தூக்கலா இருக்கு" என்று அவன் சொன்ன அன்று அவள் தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள்.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதன்பிறகு புத்தகம் வந்தது.

"கம்பெனிக்காரங்க உங்க விளையாட்டை மாங்காவாப் போடப்போறாங்க ஐயா," என்றாள் செண்பகவல்லி.

"எதுக்கு? ஊறுகாய்க்கா?"

"ஜப்பான் மாதிரிப் படக்கதை. நாடு பூராவும் ஆயிரம் ஜோடி விளையாடுதாக. அதுல உங்க ஜோடியை மெசின் தேர்ந்தெடுத்திருக்கு. நீங்க என்ன செஞ்சீகளோ, என்ன பேசினீகளோ, அதை அப்படியே அது வரைஞ்சிரும். பதினஞ்சு நாளுக்கு ஒரு புத்தகம்."

உங்கள் ஜோடி என்றாள். வந்த புத்தகத்தின் அட்டையில் நண்டுக்காலன் மட்டும் நின்றான். கண் இரண்டும் வாழைப்பூ மாதிரி பெரிசு, தலைமயிர் காற்றில் பறக்கிறது. நான் எங்கே என்று தேடினேன். மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டைவிரல் அளவு ஒரு தலைப்பாகை. அவ்வளவுதான் நான். இரண்டாம் புத்தகத்திலும் முதுகுதான். ஐந்தாம் புத்தகத்தில் முகத்தைத் திருப்பினேன், அந்தக் கட்டத்தில் யானை ஒன்று வந்து மறைத்துக்கொண்டது.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ் பலகை வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். பலூனுக்குள் எழுத்தை எறும்பு மாதிரி அடைத்துவைத்தால் முடியாது. யாரையும் வாசிக்கச் சொல்லவும் மாட்டேன். வாசிக்கிறவன் உள்ளதைத்தான் வாசிக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? படத்தை மட்டும் பார்ப்பேன். நாங்கள் செய்ததை முன்னுக்குப் பின்னாகப் போட்டு வைத்திருந்தார்கள். கம்பெனிக்காரன் புத்தி அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தஸ்நேவிஸிடம் கையெழுத்து வாங்கின. அருள்ராஜ் தன் டீக்கடையில் நண்டுக்காலன் படத்தை ஒட்டினான். தஸ்நேவிஸ் பெட்டியோடு போய் உட்கார்ந்தால் பெஞ்சு நிறைந்துவிடும். அவன் நாலு வார்த்தை சொல்வான். "உப்புக்குப் பயந்தா கடல்ல இறங்க முடியுமா?" என்பான். இதில் என்ன இருக்கிறது? ஆனால் அவனவன் தொடையில் தட்டிச் சிரித்தான். வாய் நன்றாக இருந்த காலத்தில் இவன் ஒரு வார்த்தை சுவையாகப் பேசி நான் கேட்டதில்லை. வாய் போனபிறகு பெரிய பேச்சாளன்.

"பலவேசம் அண்ணாச்சி, நீங்கதான அந்தக் கம்புக்காரர்?" என்று ஒருத்தன் என்னைக் கேட்டான்.

"ஆமா."

"ஒங்க மூஞ்சிய ஏன் காட்டவே மாட்டேங்கான்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் என் பெண்டாட்டி சொர்ணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தஸ்நேவிஸ் அண்ணாச்சி இன்னைக்கு என்ன பேசுனாகளாம்?" என்றாள்.

"ஏன், நான் பேசுறதைக் கேக்கமாட்டியோ?"

"ஒங்க பேச்சைத்தான் நாப்பத்தாறு வருசமாக் கேக்கேனே."

இப்படி இருக்கும்போது எனக்கு வலது கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் ஆனது. பதினைந்து நாள் தொப்பி போடக்கூடாது என்றார் டாக்டர். "நீங்க வராத நாள்ல உங்க ஆள் நின்ன இடத்துலயே தூங்கிக்கிட்டு இருப்பான்" என்றாள் செண்பகவல்லி. திரும்பிப் போய்ப் பார்த்தால் என் கம்புக்காரனைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. உடம்பெல்லாம் வெந்து வெளுத்திருந்தது, தலைப்பாகை இல்லை, பலம் பாதியாகிவிட்டது.

"என்னவே ஆச்சு எனக்கு?" என்று நண்டுக்காலனிடம் கேட்டேன்.

"உப்புக்குழில விழுந்துட்டீரு," என்றான். அதோடு நடக்க ஆரம்பித்தான்.

தூங்குகிறவன் எப்படி விழுவான்? மூன்று நாள் அதே யோசனை. நாலாம் நாள் புத்தகம் வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, அங்கேயே நின்று பிரித்தேன். கண் புதுக்கண், ஊசிமுனை வரைக்கும் தெரிந்தது. முதல் பக்கத்தில் கை ஒன்றை வரைந்து பெரிய எழுத்தில் வழக்கமாகப் போடும் அறிவிப்பு. அறிவிப்பு எழுதுகிறவன் எவனும் எனக்கு நல்லது சொன்னதில்லை. புரட்டினேன்.

பக்கத்துக்கு ஒரு பெரிய படம். முதல் படத்தில் நண்டுக்காலன் கம்புக்காரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழியின் மேட்டில் நிற்கிறான். அடுத்ததில், கையைப் பிடித்து விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறான். அடுத்ததில் விரல்நுனி மட்டும் தொடுகிறது. அடுத்ததில் அவன் கை தனியாக, என் கை தனியாக. அதன்பிறகு கம்புக்காரன் உப்புக்குள் இடுப்பளவு; நடுவில் ஏதோ கயிறு திரிக்கிற படங்கள், தள்ளிவிட்டேன்; பிறகு கழுத்தளவு. மேட்டில் நண்டுக்காலன் வாயைப் பிளந்து நிற்கிறான். சிரிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை மாதம் மறைத்த என் முகத்தை அந்தப் படத்தில்தான் முதல்முறையாகக் காட்டியிருந்தார்கள். உப்புக்குள் முங்குகிற முகம். அதற்குமேல் நான் புரட்டவில்லை.

என்னைத் தூங்கும்போது தூக்கிப் போட்டிருக்கிறான். ஏன் செய்யமாட்டான்? ஊரே அவனைத் தூக்கிவைத்து ஆடுகிறது. பக்கத்தில் நான் எதற்கு?

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொப்பியைப் போட்டோம். கோட்டைச் சுவரின் மேல் நிற்கிறோம். கீழே கொதிக்கிற அகழி, அதன் நடுவே ஒரு கல்திட்டு. நாக்குகளை வைத்திருக்கிற அறையின் சாவி அந்தத் திட்டில் இருக்கிறது. நண்டுக்கால் மட்டும்தான் அந்தச் சூட்டைத் தாங்கும். அவன் இடுப்பில் கயிறு கட்டி நான் இறக்கவேண்டும். துறைமுகத்தில் என் கையைப் பார்த்து அவன் இறக்கினான், இங்கே அவன் வாயைக் கேட்டு நான் இறக்கினேன்.

"இறக்கும்... இன்னும்... மெதுவாவே... போதும், பிடியும்."

பிடித்தேன். "உப்புக்குழில நான் எப்படி வே விழுந்தேன்?"

"இப்பமா அதைக் கேக்கணும்? ஆவி அடிக்கி. இன்னும் ரெண்டு முழம் விடும்."

"சொல்லும். தூங்குறவன் எப்படி விழுவான்?"

"அது எதுக்கு இப்ப? விழுந்தீரு, எந்திச்சீரு. வேலையைப் பாரும்."

மறைக்கிறான். கையைத் திறந்தேன்.

"வே, பிடி..."

பாதியில் நின்றது. ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம், பிறகு அதுவும் இல்லை. தொப்பியைக் கழற்றினேன். தஸ்நேவிஸ் இடது கையால் கழுத்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், தட்டினான், வாயருகில் வைத்துப் பார்த்தான். என்னைப் பார்த்து உதடு அசைந்தது.

"சரி," என்றான்.

செண்பகவல்லியின் முகத்தில் ரத்தம் இல்லை. "கயிறு வழுக்கிட்டு," என்றேன்.

"ஆபரேஷன் பண்ணின கண்ணு. ஒங்களை இந்த வாரமே விட்டிருக்கக்கூடாது," என்று அவளே எனக்கு ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்தாள்.

"போனாப் போவுது. அந்த நகலை எடுத்து மாட்டு."

"எந்த நகலு? கிடையாதுன்னு மூணு வருசமாச் சொல்லுதேனே ஐயா!"

"அதெல்லாம் விளையாடுறவனைப் பயமுறுத்தச் சொல்லுறது."

"நகல் இருந்தா அந்தப் புத்தகத்தை எவன் வாங்குவான்? நெசம்மாவே போயிருவானோன்னுதான வாங்குதான். திரும்ப முதல்ல இருந்து மூணு வருசம் பழகணும். அவுக மண்டைக்கு இப்ப அந்தத் தெம்பு கிடையாது. டாக்டர் போன மாசமே சொல்லிட்டாரு."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் ஒரு கம்பெனிக்காரன் உண்மை சொன்னது அந்த ஒரு தடவைதான். அதைத்தான் நான் நம்பவில்லை.

நண்டுக்காலன் செத்த புத்தகம், வந்த அன்றே தீர்ந்துவிட்டதாம். அதிலும் எனக்கு முதுகுதான், கை திறந்தது தெரியவில்லை. அருள்ராஜ் டீக்கடைப் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தினான். தஸ்நேவிஸ் அதற்குக் கீழேயே உட்கார்ந்து டீ குடித்தான். "சூடு போதுமா அண்ணாச்சி?" என்றால் "சரி." பெஞ்சில் அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. நான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் புத்தகம் வந்த எட்டாம் நாள் மத்தியானம் பிரகாசி என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த உப்புக்குழிப் புத்தகம்.

"அண்ணாச்சி, அவுக ரெண்டு நாளாச் சாப்பிடலை. நீங்க வந்து ஒரு வாய் கொடுத்தா தின்பாக. நீங்க கயிறு வழுக்கின கவலையில வரலைன்னு எனக்குத் தெரியும். ஒங்க மேல அவுகளுக்கு ஒண்ணும் கிடையாது. இதைப் பாருங்க, ஒங்களுக்காக என்ன பாடு பட்டுருக்காக. நான் வாசிக்கேன்."

சொர்ணம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரகாசி புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையைத் திறந்தாள்.

"பின்னால இருந்து பாக்கிறியே," என்றேன்.

"இது வலது பக்கமிருந்துதான் பாக்கணும். கட்டமும் அப்படித்தான். ஜப்பான்காரக எழுதுற வழி அது. இந்தா, தெரியாம இந்தப் பக்கத்தைத் திறக்கிறவகளுக்கு அறிவிப்பே போட்டுருக்கான்லா: 'நில்லுங்கள். இது கடைசிப் பக்கம். புத்தகத்தைத் திருப்பிப் பிடியுங்கள்.'"

விரலை வைத்து வாசித்தாள். நிலம் நடுங்கி, தூங்கிக்கொண்டிருந்த கம்புக்காரன் உருண்டு உப்புக்குழியில் விழுகிறான். கழுத்தளவு மூழ்குகிறான். மேலே நண்டுக்காலன் வாயைப் பிளந்து நிற்கிறான். அந்தப் பலூனில் இருந்தது: "பலவேசம்! எந்தியும்வே! நான் கத்துதது கேக்கலையா!" பிறகு பதினோரு நாள். நண்டுக்காலன் தன் தோலை உரித்துக் கயிறு திரித்து இறங்குகிறான். கம்புக்காரன் உப்பிலிருந்து இடுப்பளவு மேலே வருகிறான். விரல்நுனி தொடுகிறது. கையைப் பிடிக்கிறான். கடைசிப் பக்கத்தில், நான் முதலில் பார்த்த பக்கத்தில், மேட்டில் நின்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான். பலூன் சின்னதாக இருந்தது. பிரகாசி அதை வாசித்தாள். "முழிச்சதும் இதைச் சொல்லக்கூடாது. மனுசன் கூசிப்போவாரு."

சொர்ணம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் எழுந்து சட்டையை மாட்டினேன். வெயிலில் நடந்தே கூடத்துக்குப் போனேன்.

"என் ஆளை அவனுக்குக் கொடு," என்றேன் செண்பகவல்லியிடம்.

"எந்த ஆளை?"

"கம்புக்காரனை. அதுவும் மூணு வருசம் பழகினதுதான. அவன் மண்டையில மாட்டு."

அவள் கொஞ்ச நேரம் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "ஜோடியா விளையாடினவகளுக்கு மண்டை கொஞ்சம் ஒண்ணுபோல ஓடும். பேச்சு வரலாம். ஆனா அவுக நெனைப்பு ஒங்க வார்த்தையிலதான் வெளிய வரும். ஒங்க வசவு, ஒங்க கேலி, எல்லாம். நீங்க பேசினதும் அதுல இருக்கு, பேசாததும் இருக்கு."

"பேசாததுன்னா?"

"சொல்லணும்னு மனசுல வந்து, வாய்க்கு வராமப் போனது. மெசினுக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. அந்த நேரத்துல எது பொருந்துதோ அதை எடுத்துப் போட்டுரும். அப்புறம் இன்னொண்ணு. கொடுத்துட்டா நீங்க இனிமே உள்ள போக முடியாது."

"நான் மனசுல ஒண்ணு வெளிய ஒண்ணு வச்சுப் பேசுறவன் கிடையாது. எங்க கையெழுத்துப் போடணும்?"

மறுவாரம் அவனுக்குப் புது ஆளை மாட்டினார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நான் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது பெட்டி கனைத்தது.

"எருமைக்கடா மாதிரி வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கீரே, தள்ளி நின்னா தேஞ்சா போயிருவீரு?"

என் வசவு. துறைமுகத்தில் தினம் பத்துப் பேரிடம் நான் வைத வசவு. பிரகாசி கத்திவிட்டாள். செண்பகவல்லி கையைத் தட்டினாள். அவர்கள் இரண்டு பேரும் டாக்டரைக் கூப்பிட ஓடியபிறகு தஸ்நேவிஸ் என்னைப் பார்த்தான்.

"கயிறு வழுக்கலைவே. உமக்கு வயிறு எரிஞ்சுட்டு."

நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன்.

"இருபத்தாறு வருசம் உம்ம கையைப் பாத்தவன் நான். எந்தக் கை வழுக்கும், எந்தக் கை விடும்னு எனக்குத் தெரியாதாவே?"

"புத்தகத்தைப் பின்னால இருந்து பாத்துட்டேன்," என்றேன். "நீரு என்னைத் தள்ளிவிட்டதா நெனச்சுட்டேன்."

அவன் தோள் குலுங்கியது. பெட்டியிலிருந்து சிரிப்பு வந்தது. அதுவும் என் சிரிப்பு. கடைசியில் ஒரு இருமல் வரும், அந்த இருமலும்.

"மூணாங்கிளாஸ் மூதேவி," என்றான். அதோடு அந்தப் பேச்சை விட்டான். இன்றுவரை யாரிடமும் அவன் சொல்லவில்லை. நானும் வழுக்கியது என்றே இருக்கவிட்டேன்.

புத்தகம் திரும்ப வந்தது. இப்போது கம்புக்காரன்தான் நாயகன். அட்டை முழுக்க என் முகம், புதுத் தலைப்பாகை. வலது பக்கமிருந்து பிரித்துப் பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் நான்தான். டீக்கடையில் மாலையைக் கழற்றிவிட்டு என் படத்தை ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே தஸ்நேவிஸ் உட்கார்ந்து, கொழும்புக் கப்பலில் குரங்கு தப்பின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அது என் கதை. நான் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். அவன் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினான். நான் அங்கே நிறுத்தமாட்டேன். பெஞ்சே சிரித்து உருண்டது.

"தஸ்நேவிஸ் அண்ணாச்சி வாய்க்குத் தங்கத்துல காப்புப் போடணும்," என்றான் அருள்ராஜ்.

நான் எழுந்து வந்தேன். கொடுத்தபிறகு வயிறு குளிரும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவன் எதையும் கொடுத்திருக்கமாட்டான்.

தெருமுனையில் பிரகாசி மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டாள். சிரிப்பா, சங்கடமா, தெரியவில்லை.

"அண்ணாச்சி, அவுக முந்தாநாள் சாப்பிடும்போது ஒண்ணு சொன்னாக. 'நீ சோறு போடும்போது நான் இலையைப் பாக்கிறதே இல்ல. அந்த மணிக்கட்டுல கொதிகஞ்சி கொட்டின தழும்பைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். என்ன குழம்புன்னு தெரியாமலே தின்னு எந்திச்சிருக்கேன்'னு."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் கையில ஏது தழும்பு? இந்தா பாருங்க," என்று வளையலை மேலே தள்ளிக் காட்டினாள். "அவுகளும் சொல்லிட்டு முழிச்சாக. இது யாரு நெனைப்புன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது." மீன்பையை எடுத்துக்கொண்டாள். "சொர்ணம் மதினிகிட்ட நேத்துச் சொன்னேன்."

வீட்டுக்கு வந்தேன். வெயில் உச்சியில் இருந்தது. சொர்ணம் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தாள். உட்கார்ந்தேன். அவள் சோற்றை அள்ளி வைத்தாள். நாற்பத்தாறு வருடமாக நான் பார்க்கிற மணிக்கட்டு. கல்யாணமான புதிதில் கஞ்சி வடிக்கும்போது கொட்டியது, வேப்பிலை வடிவத்தில் இருக்கும். வாயைத் திறந்தேன்.

"சொர்ணம், நீ சோறு போடும்போது நான்..."

"தெரியும்," என்றாள்.

"முழுசாக் கேளு."

"முழுசாத்தான் கேட்டேன். பிரகாசி ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சா." கரண்டியைக் குழம்புக்குள் வைத்தாள். குரல் உயரவில்லை. "ஒரு நாளு, ஒரு தடவை, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம்லா? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதை இன்னொருத்தி முதல்ல கேட்டுட்டு வந்து, நல்லா இருந்துச்சுங்கா."

"நெனச்சது நான்தான சொர்ணம்."

"நெனச்சது நீங்க. கேட்டது அவ."

அவள் முந்தானையை இழுத்து, மணிக்கட்டு மறைய இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பிறகு குழம்பை ஊற்றினாள்.

பார்க்க வேறு எதுவும் இல்லாததால் இலையைப் பார்த்தேன். முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு.